பயிர்ச் சேத நிவாரணம்: வயலில் தண்ணீர் நிற்கும் நாளிலிருந்து வங்கியில் பணம் ஏறும் வரை

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் டெல்டாவிலும் கடலூர், விழுப்புரம் பக்கமும் ஒரே பேச்சுதான். "கணக்கெடுக்க வந்தாங்களா? நம்ம பேரு லிஸ்ட்ல ஏறுச்சா?" கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் ஏறியவருக்குத்தான் நிவாரணம் வரும். அந்தப் பட்டியல் பெரும்பாலும் மழைக்கு முன்பே எழுதப்பட்ட அடங்கலை, அதாவது எந்த வயலில் என்ன பயிர் என்று சொல்லும் கிராமக் கணக்கை, வைத்துத் தயாராகிறது. அடங்கலில் உங்கள் வயல் தரிசு என்று இருந்தால், இடுப்பளவு தண்ணீரில் சம்பா மூழ்கிக் கிடந்தாலும் தாளில் அது தரிசுதான்.

அதனால் இந்த வழிகாட்டியில் ஆவணத்துக்கும் கணக்கெடுப்புக்கும் நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். தமிழ்நாட்டு விவசாயிகளை, அதிலும் குத்தகைக்குப் பயிர் வைப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

பணம் எங்கிருந்து வருகிறது

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்திலும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு அதில் 75 விழுக்காடு மத்திய அரசின் பங்கு, 25 விழுக்காடு மாநிலத்தின் பங்கு. புயல், வெள்ளம், வறட்சி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, தீ, பூச்சித் தாக்குதல் உள்ளிட்ட அறிவிக்கப்பட்ட பேரிடர்களுக்கு இந்த நிதியிலிருந்து கொடுக்கலாம். பாதிப்பு மிகப் பெரிதாகி இந்த நிதி போதாமல் போனால் தேசியப் பேரிடர் நிவாரண நிதியை மாநிலம் கேட்கும். அதற்காகத்தான் டெல்லியிலிருந்து மத்தியக் குழு வருகிறது.

மத்தியக் குழு பார்ப்பது மாவட்ட அளவிலான ஒட்டுமொத்தச் சேதத்தை. உங்கள் சர்வே எண்ணுக்கு எவ்வளவு என்பதை அவர்கள் முடிவு செய்வதில்லை. மாநில நிதியில் இருக்கும் பணத்தைக் கொடுக்க அரசு அவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. "சென்ட்ரல் டீம் வர்றாங்க, வயலை அப்படியே போட்டு வையுங்க" என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். உள்ளூர்க் கணக்கெடுப்பு முடிந்து, படமும் எடுத்து வைத்துவிட்டீர்கள் என்றால் தண்ணீரை வடித்து மறுபடி வேலையைத் தொடங்கலாம்.

இந்தப் பணத்தின் அலுவலகப் பெயர் இடுபொருள் மானியம். விதைக்கும் உரத்துக்கும் போட்டதில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்து, அடுத்த பயிரைத் தொடங்க வைப்பதுதான் அதன் நோக்கம். போன விளைச்சலுக்கு அது இழப்பீடு ஆகாது. தொகை ஏன் இவ்வளவு குறைவு என்ற கோபத்துக்குப் பதில் இதில் இருக்கிறது, ஆனாலும் அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஒரு ஏக்கர் சம்பாவுக்கு உழவு, நடவு, களை, உரம் என்று போட்டவருக்கு இந்தத் தொகை பாதிகூட வராது.

எவ்வளவு கிடைக்கும்

2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த அளவுகோலில், 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமடைந்த பயிருக்கு ஒரு ஹெக்டேருக்கான தொகை இது:

மானாவாரிப் பயிர்: ரூ.8,500
பாசனப் பயிர் (நெல் உட்பட): ரூ.17,000
பல்லாண்டுப் பயிர், மரப்பயிர்: ரூ.22,500

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தமிழ்நாடு அரசு இந்த அளவுக்குத் தொகையை உயர்த்தியது. அதற்கு முன் நெல்லுக்கு ரூ.13,500, மானாவாரிக்கு ரூ.7,410, பல்லாண்டுப் பயிருக்கு ரூ.18,000 என்று இருந்தது. 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்கும் 17,000, 8,500, 22,500 என்ற கணக்குதான்.

அளவுகோல் தரைமட்டம் மாதிரி. மாநிலம் தன் கையிலிருந்து போட்டு அதற்கு மேலும் கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்தபோது ஹெக்டேருக்கு ரூ.20,000 அறிவித்தார்கள். நெல் தரிசில் விதைத்த உளுந்துக்கு ரூ.3,000. 2021 நவம்பரில் அறுவடைக்குத் தயாராக இருந்த குறுவைக்கு ரூ.20,000, நட்டவுடன் மூழ்கிய சம்பாவுக்குப் பணத்துக்குப் பதிலாக, மறுநடவு செய்ய ஹெக்டேருக்கு ரூ.6,038 மதிப்பில் விதையும் உரமுமாகக் கொடுத்தார்கள். 2018 நவம்பர் கஜா புயலில் தென்னைக்கு மரக் கணக்கு: விழுந்த மரத்துக்கு ரூ.600, அதை வெட்டி அகற்ற ரூ.500. ஆக, ஒவ்வொரு பேரிடருக்கும் வெளிவரும் அரசாணைதான் கடைசி வார்த்தை. முந்தைய புயலின் தொகையை மனதில் வைத்து அலுவலகத்தில் சண்டை போடுவதில் பயனில்லை. அந்தப் பேரிடருக்கான அரசாணை எண்ணைக் கேட்டு வாங்கி, அதில் உங்கள் பயிர் எந்தப் பிரிவில் வருகிறது என்று பாருங்கள்.

மூன்று விஷயங்களைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, 33 விழுக்காடு என்பது வாசல்படி. 2015-க்கு முன்பு அது 50 விழுக்காடாக இருந்தது. படியைத் தாண்டிவிட்டால் 35 விழுக்காடு போனவருக்கும் 90 விழுக்காடு போனவருக்கும் ஹெக்டேருக்கு ஒரே தொகைதான். அதனால் கணக்கெடுக்க வருபவரிடம் எண்பதா தொண்ணூறா என்று வாதாடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். 33-ஐத் தாண்டியதா, பரப்பைச் சரியாக எழுதினார்களா என்பதுதான் பணத்தைத் தீர்மானிக்கிறது.

இரண்டு, அளவுகோலின்படி ஒரு விவசாயிக்கு 2 ஹெக்டேர் வரைதான், அதாவது 4 ஏக்கர் 94 சென்ட். மாநில அரசு தன் பணத்தில் இந்த உச்சவரம்பைத் தளர்த்தினால்தான் அதற்கு மேல் கிடைக்கும்.

மூன்று, கணக்கு ஹெக்டேரில் நடக்கிறது, நாம் பேசுவது ஏக்கரில், சென்டில், மாவில். ஹெக்டேருக்கு ரூ.17,000 என்றால் ஏக்கருக்கு சுமார் ரூ.6,880, சென்டுக்கு ரூ.68.80, 33 சென்ட் கொண்ட ஒரு மாவுக்கு சுமார் ரூ.2,270. ஒரு ஏக்கர் 60 சென்ட் சம்பா முழுதும் போயிருந்தால் 160 × 68.80 = சுமார் ரூ.11,008 வர வேண்டும். பட்டாவில் இதே நிலம் 0 - 64.75 என்று ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் இருக்கும். உங்கள் பட்டாவில் உள்ள அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பில் 0.64-ஐ 0.46 என்று எழுதிவிட்டுப் போனால் மூவாயிரம் ரூபாய் போய்விடும்.

மழைக்கு முன்னால்: அடங்கல்

பட்டாவும் சிட்டாவும் நிலம் யாருடையது என்று சொல்கின்றன. அந்த நிலத்தில் இந்தப் பசலியில் என்ன பயிர், யார் வைத்திருக்கிறார் என்று சொல்வது அடங்கல், கிராமக் கணக்கு எண் 2. பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு, ஜூலை 1-இல் பிறக்கிறது. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. நடவு முடிந்த கையோடு கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, உங்கள் சர்வே எண், உட்பிரிவு, பயிர், பரப்பு, சாகுபடி செய்பவர் பெயர் ஐந்தும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து, அடங்கல் நகல் ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள். பயிர்க் காப்பீட்டுக்கும் கூட்டுறவுக் கடனுக்கும் இதே நகல்தான் வேண்டும் என்பதால் இது வீண் நடை ஆகாது. டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு நடந்த ஊர்களில் அதில் பதிவான பயிரும் அடங்கலில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்றும் கேளுங்கள். ஒன்றில் நெல், மற்றதில் தரிசு என்று இருந்தால் பின்னால் அலைவது நீங்கள்தான்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றோடு பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அது முடியும்வரை காத்திருக்க முடியாது. நிவாரணத்துக்கு மற்ற வாரிசுகளிடம் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து வாங்கி வைத்தால் பெரும்பாலும் வேலை நடக்கும். கூட்டுப் பட்டாவிலும் இதே சிக்கல்தான். அண்ணன் தம்பி நான்கு பேரில் ஒருவர் பெயரில் முழுப் பரப்பும் ஏறிவிடும், மற்ற மூவரும் அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். யார் யார் எத்தனை சென்ட் பயிர் வைத்திருக்கிறீர்கள் என்பதை அடங்கலிலேயே பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் வாங்காதவர்கள் அதையும் முடித்துவிடுங்கள். வேளாண் துறை ஆட்களிடமோ பொதுச் சேவை மையத்திலோ பதியலாம்.

தண்ணீர் நிற்கும் நாட்கள்

முதல் வேலை வடிகால். நிவாரணம் வரும் என்று தண்ணீரை நிற்க விட்டவர் யாரும் லாபம் பார்த்ததில்லை. இளம் பயிராக இருந்தால் ஒவ்வொரு நாளும் கணக்கு. ஆனால் வரப்பை வெட்டித் தண்ணீரை விடும் முன் படம் எடுத்துவிடுங்கள்.

படம் எடுப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். வெறும் தண்ணீர்ப் பரப்பை எடுத்தால் அது யார் வயல் என்று யாருக்கும் தெரியாது. சர்வே கல், மின்கம்பம், மோட்டார் கொட்டகை, வாய்க்கால் மதகு, வரப்புப் பனை என்று அசையாத அடையாளம் ஒன்று படத்தில் விழ வேண்டும். அதே இடத்தில் நின்று, அதே திசையில், தண்ணீர் நிற்கும்போது ஒன்று, வடிந்த பிறகு ஒன்று, ஒரு வாரம் கழித்து ஒன்று. நீங்கள் வரப்பில் நிற்பதுபோல ஒரு படம். தேதியும் அட்சரேகை தீர்க்கரேகையும் படத்திலேயே பதியும் கேமரா செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, பிள்ளைகளிடம் சொல்லி ஏற்றிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு மேலே பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் தெரியும். அந்த ஒரு காரணத்தால் "பயிர் தப்பிச்சிடுச்சு" என்று எழுதப்பட்ட வயல்கள் நிறைய. அதனால் நீங்களே இறங்கிப் பாருங்கள். வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் குத்துக் குத்தாகப் பிடுங்கிப் பாருங்கள். வேர் வெள்ளையாகப் புதிதாக விட்டிருந்தால் அந்தக் குத்து பிழைத்துவிடும். வேர் கறுத்து, சேற்று நாற்றம் அடித்து, இழுத்ததும் தூர் கையோடு வந்தால் அது போயிற்று. தண்டை நகத்தால் பிளந்து குருத்தைப் பாருங்கள். குருத்து பழுப்பாகிக் கொழகொழத்திருந்தால் மேலே எவ்வளவு பச்சை இருந்தாலும் பயனில்லை. கதிர் வந்த பயிர் என்றால் சாய்ந்த இடத்தில் ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் உருவுங்கள். முளை விட்ட மணியும் பாலேறாத பதரும் எத்தனை, நல்ல மணி எத்தனை என்று எண்ணினால் விழுக்காடு உங்கள் கையிலேயே தெரிந்துவிடும். கணக்கெடுப்பவர் வரும்போது பேசுவதற்குப் பதில் இதைச் செய்து காட்டுங்கள். வேளாண்மை படித்து வந்த அலுவலருக்கு வேரைக் காட்டினால் விளக்கம் தேவைப்படாது.

இந்த நாட்களிலேயே கிராம நிர்வாக அலுவலருக்கும் உதவி வேளாண்மை அலுவலருக்கும் எழுத்தில் தகவல் கொடுத்துவிடுங்கள். தோட்டப்பயிர் என்றால் உதவித் தோட்டக்கலை அலுவலர். நேரில் கொடுத்து நகலில் தேதியோடு கையெழுத்து வாங்க முடியவில்லை என்றால், வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்புங்கள், அதுவும் தேதியுள்ள சாட்சிதான்.

கணக்கெடுப்பு நாள்

முதலில் ஒரு தோராயக் கணக்கு ஆட்சியர் வழியாக மேலே போகும். பத்திரிகையில் வரும் "இத்தனை ஆயிரம் ஏக்கர் சேதம்" என்பது அதுதான். அதில் உங்கள் பெயர் இருக்காது. தண்ணீர் வடிந்த பிறகு வருவாய்த் துறையும் வேளாண் துறையும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து சர்வே எண் வாரியாக நடத்தும் கூட்டுக் கணக்கெடுப்பில்தான் பெயர் எழுதப்படுகிறது.

எந்தத் தேதியில் எந்தப் பகுதிக்கு வருகிறார்கள் என்று விடாமல் விசாரித்துக்கொண்டே இருங்கள். உங்கள் பகுதிக்கு அவர்கள் வரும்போது நீங்களோ வீட்டு ஆளோ வயலில் இருக்க வேண்டும். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் பக்கத்து வயல்காரரிடம் ஆவண நகல்களைக் கொடுத்து வையுங்கள். ரோட்டோர வயலைப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பதை அனுமானத்தில் எழுதுவது நடக்கத்தான் செய்கிறது. கணக்கெடுப்பவரும் பத்து ஊருக்கு ஒருவராகச் சேற்றில் அலைகிறார் என்பதை மறக்கக் கூடாது. அவரைத் திட்டுவதைவிட, உட்புற வயல்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நின்று பாதை காட்டி அழைத்துப் போனால் வேலை நடக்கும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: அடங்கல் நகல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கைபேசி எண். எழுதி முடித்ததும் பெயர், சர்வே எண், உட்பிரிவு, சேதப் பரப்பு, விழுக்காடு, வங்கிக் கணக்கு எண் ஆறையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, முடிந்தால் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 12/3A-வை 12/3 என்று எழுதினால் அது வேறொருவர் நிலம் ஆகிவிடும்.

பட்டியல் தயாரானதும் அதைக் கிராம நிர்வாக அலுவலகத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ ஒட்டச் சொல்லி ஊராகச் சேர்ந்து கேளுங்கள். ஊரறியப் பட்டியல் ஒட்டப்பட்டால் விடுபட்ட பெயர் அன்றே தெரியும், இல்லாத வயலுக்கு எழுதிய பெயரும் அன்றே தெரியும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. பெயர் சேர்க்கப் பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போகலாம்.

குத்தகைக்குப் பயிர் வைத்தவர்களுக்கு

இந்த ஏற்பாட்டில் அதிகம் அடிபடுபவர்கள் இவர்கள்தான். விதை வாங்கியவர், கடன் பட்டவர், தண்ணீரில் நின்றவர் ஒருவர். பட்டாவில் பெயர் வேறொருவர். இடுபொருள் மானியம் என்றால் இடுபொருள் போட்டவருக்குத்தான் சேர வேண்டும், அதாவது சாகுபடி செய்தவருக்கு. நடைமுறையில் வாய்மொழிக் குத்தகைக்காரர் கையில் தாள் இல்லாததால் பணம் நில உரிமையாளர் கணக்குக்குப் போய்விடுகிறது. நல்ல மனம் உள்ள உரிமையாளர் கொடுத்துவிடுகிறார், மற்றவரிடம் கேட்கக்கூட முடிவதில்லை, அடுத்த வருடம் நிலம் வேண்டுமே.

1969-ஆம் ஆண்டின் வேளாண் நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி குத்தகையைப் பதிந்தவர்கள் அந்தப் பதிவின் நகலைக் காட்டினால் போதும். கோயில் நிலம், மடத்து நிலம் என்றால் குத்தகை ரசீது. வாய்மொழிக் குத்தகை என்றால், நடவு முடிந்த சமயத்திலேயே, அதாவது உரிமையாளரோடு சுமுகமாக இருக்கும்போதே, "இந்தப் பசலியில் இந்த சர்வே எண்ணில் இன்னார் சாகுபடி செய்கிறார், அரசு நிவாரணமும் காப்பீடும் அவருக்கே" என்று வெள்ளைத் தாளில் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிவிடுங்கள். அந்தக் கடிதத்தை வைத்து அடங்கலில் சாகுபடியாளர் பெயரை ஏற்றச் சொல்லுங்கள். உரிமையாளர் பதிவுக்குப் பயப்படுவார். "இந்த ஒரு பசலிக்கு மட்டும்" என்ற வார்த்தை கடிதத்தில் இருந்தால் பெரும்பாலும் கையெழுத்துப் போடுவார்.

கடிதமும் கிடைக்கவில்லையா? உரம் வாங்கிய ரசீது, நெல் கொள்முதல் நிலையத்தில் போன பருவம் போட்ட சீட்டு, இரண்டு பக்கத்து வயல்காரர்களின் சாட்சிக் கையெழுத்து ஆகியவற்றோடு கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று கேளுங்கள். எல்லா இடத்திலும் இது நடந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காதவர் பெயர் பட்டியலில் வந்ததே இல்லை. நில உரிமையாளர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தக் கையெழுத்தைக் கேட்காமலே போட்டுக் கொடுங்கள்.

வங்கிக் கணக்கு

பட்டியலில் பெயர் இருந்தும் பணம் வராததற்குப் பெரும்பாலும் வங்கிதான் காரணம்.

வங்கி இணைப்புகளுக்குப் பிறகு பழைய ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் மாறிவிட்டன. சிண்டிகேட், ஆந்திரா, கார்ப்பரேஷன், அலகாபாத் வங்கிகள் 2020 ஏப்ரலில் வேறு வங்கிகளோடு சேர்ந்தன. லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்தது. பழைய புத்தகத்தின் நகலைக் கொடுத்தால் பணம் திரும்பிவிடும். புதுப் புத்தகம் போட்டுக் கொடுங்கள்.

நீண்ட நாள் வரவு செலவு இல்லாமல் முடங்கிய கணக்கை அடையாள ஆவணம் கொடுத்து உயிர்ப்பியுங்கள். பணம் ஆதார் வழியாகச் செலுத்தப்பட்டால், நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்கு வராமல், ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக்குப் போகும். "வரவே இல்லை" என்று அலைந்த பலருக்குப் பணம் எப்போதோ திறந்த இன்னொரு கணக்கில் கிடந்திருக்கிறது. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்க்கலாம், வங்கியிலும் சொல்வார்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் சேமிப்புக் கணக்கு எண்ணைத் தருவதைவிட, மத்தியக் கூட்டுறவு வங்கி அல்லது வணிக வங்கிக் கணக்கைத் தருவது பாதுகாப்பு.

திரும்பி வந்த பணத்தின் பட்டியல் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும். ஊரில் மற்றவர்களுக்கு ஏறி உங்களுக்கு மட்டும் ஏறவில்லை என்றால், மனு எழுதும் முன் அந்தப் பட்டியலைக் கேளுங்கள்.

மாடு, ஆடு, மணல் மூடிய நிலம்

பசு, எருமை இறந்தால் ரூ.37,500, ஆடு ரூ.4,000, உழவு மாடு ரூ.32,000, கன்று ரூ.20,000, கோழி ஒன்றுக்கு ரூ.100 என்பது அதே அளவுகோல். குடும்பத்துக்குப் பெரிய கறவை மாடு மூன்று வரை என்பது போன்ற உச்சவரம்புகளும் உண்டு. இதில் செய்யக் கூடாதது ஒன்றுதான்: கால்நடை உதவி மருத்துவர் பார்த்துச் சான்று எழுதும் முன் புதைத்துவிடுவது. ரோடு துண்டிக்கப்பட்டு அவரால் வர முடியாவிட்டால், காது வில்லை எண் தெரியும்படி படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரையும் அக்கம்பக்கத்தாரையும் சாட்சியாக வைத்துப் புதையுங்கள்.

2024 டிசம்பரில் தென்பெண்ணை கரையோர வயல்களில் நடந்ததுபோல் ஆறு புகுந்து மணலும் வண்டலும் படிந்துவிட்டால் அதற்குத் தனித் தலைப்பு இருக்கிறது. படிவு 3 அங்குலத்துக்கு மேல் இருந்தால் அகற்ற ஹெக்டேருக்கு ரூ.18,000. ஆறு திசை மாறியோ நிலம் சரிந்தோ நிலமே போய்விட்டால் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு ரூ.47,000. இதைப் பலர் கேட்பதே இல்லை, பயிருக்குக் கொடுத்தால் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு குழி தோண்டி, பழைய மண்ணும் மேலே படிந்த மணலும் தனித்தனியாகத் தெரியும்படி அளவுகோலை நிறுத்திப் படம் எடுங்கள். படிந்த மணலை வெளியே விற்காதீர்கள், கனிமவள வழக்கு வரும்.

காப்பீடு வேறு, இது வேறு

நிவாரணப் பட்டியலில் பெயர் ஏறினால் பயிர்க் காப்பீடும் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் தொடர்பில்லை. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில் பரவலான பாதிப்புக்கு, கிராம அளவில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து, சராசரி விளைச்சலை வைத்துத்தான் தொகை வரும். நிலச்சரிவு, ஆலங்கட்டி மழை போன்ற உள்ளூர்ப் பாதிப்புக்கும், அறுத்து வயலில் காயப் போட்ட 14 நாளுக்குள் மழையில் நனைந்ததற்கும் தனிநபர் முறையீடு உண்டு. அதற்கு 72 மணி நேரக் கெடு. 14447 என்ற எண்ணில் சொல்லிப் பதிவு எண் வாங்குங்கள். நிற்கும் நெல்லில் தண்ணீர் தேங்கியது இதில் வருகிறதா என்பதை அந்தப் பருவத்து அறிவிக்கையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர் விடுபட்டால்

முதலில் கிராம நிர்வாக அலுவலர், வேளாண்மை உதவி இயக்குநர். அங்கே நடக்கவில்லை என்றால் வட்டாட்சியருக்கு எழுத்தில். நீளமாகக் கஷ்டத்தை எழுத வேண்டாம், மேசையில் இருப்பவர் உடனே சரிபார்க்கக் கூடியதை எழுதுங்கள். இப்படி:

"பொருள்: பயிர்ச் சேதக் கணக்கெடுப்பில் விடுபட்டது, சேர்க்கக் கோருதல்.
……… கிராமம், சர்வே எண் ………, உட்பிரிவு ………, பரப்பு ……… ஹெக்டேரில் பசலி ………-இல் சம்பா நெல் சாகுபடி செய்துள்ளேன். அடங்கல் நகல் இணைப்பு 1. ……… தேதி மழையில் பயிர் மூழ்கிச் சேதமடைந்தது. படங்கள் இணைப்பு 2. இதே வாய்க்காலில் எனக்கு மேலும் கீழும் உள்ள சர்வே எண்கள் ………, ……… பட்டியலில் உள்ளன. என் வயல் விடுபட்டுள்ளது. மறு ஆய்வு செய்து சேர்க்கக் கோருகிறேன்."

பக்கத்து சர்வே எண்களைச் சொல்லும் அந்த வரிதான் மனுவின் உயிர். நடுவில் ஒரு வயல் மட்டும் எப்படி நனையாமல் இருந்தது என்று அலுவலகம் பதில் சொல்ல வேண்டி வரும். நகலில் பெறப்பட்ட முத்திரை இல்லாமல் திரும்பாதீர்கள்.

மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் இதற்குச் சரியான இடம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம், முதல்வரின் முகவரித் துறைக்கு 1100-இல் பதிவு செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம்: பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, கணக்கெடுப்புப் பட்டியலின் நகல், உங்கள் சர்வே எண்ணை ஆய்வு செய்த தேதி, ஆய்வு செய்தவரின் பதவி, சேர்க்காததற்கான பதிவு ஆகிய நான்கையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

பயிர்க் கடன் இருந்தால்

சேத விழுக்காட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. ரிசர்வ் வங்கி 2018-இல் வகுத்த நெறிமுறையில், பேரிடர் பாதித்த பகுதியில் 33 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இழப்பு என்றால் குறுகிய காலப் பயிர்க் கடனைத் தவணைக் கடனாக மாற்றித் தரலாம் என்று இருந்தது. இழப்பு 33 முதல் 50 விழுக்காடு வரை என்றால் அதிகபட்சம் 2 ஆண்டு, 50-க்கு மேல் என்றால் 5 ஆண்டு வரை. இரண்டிலும் முதல் ஓராண்டு தவணை கட்ட வேண்டியதில்லை என்றும் அதில் இருந்தது. நிவாரணத்தில் எண்பதும் ஒன்றுதான், நாற்பதும் ஒன்றுதான் என்று சொன்னேன். கடன் வாங்கியவருக்கு மட்டும் 50-ஐத் தாண்டியதா என்பது முக்கியம், கணக்கெடுப்பின்போது அதைக் கவனித்து எழுதச் சொல்லுங்கள்.

வங்கி தானாக மாற்றித் தரும் என்று இருந்துவிடாதீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் குறித்த தேதிக்குள் கட்டினால்தான் வட்டி இல்லை, தேதி தாண்டிவிட்டால் வட்டி ஏறத் தொடங்கும், அடுத்த கடனும் நிற்கும். அதனால் தவணை தேதிக்கு முன்பே, அடங்கல் நகலும் சேதச் சான்றும் வைத்து, கடனை மாற்றியமைக்கச் சொல்லி மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். நிவாரணப் பணம் கடன் கணக்கோடு இணைந்த கணக்கில் ஏறப்போகிறது என்றால், அதைப் பாக்கியில் வரவு வைக்க வேண்டாம் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.